யாருக்கு யார் உறுதுணை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி மலைக்கிராம மருத்துவமனை பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் டாக்டர் ரெஜி ஜார்ஜுக்கு அவர் மனைவி லலிதா ‘உறுதுணையாக’ இருந்தார் என்று ஒரு வரி. அதற்கப்புறம் படித்தது எதுவும் மனத்தில் ஏறவில்லை.

லலிதாவும் டாக்டர்தான் ஐயா, அதுவும் மகப்பேறு மருத்துவர். ரெஜி மயக்க மருந்து நிபுணர். 1993இல் இருவரும் அங்கே குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது, ஆபரேஷன் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்த்ததில்லை. அங்கே முதலில் தேவைப்பட்டது யார்? தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர்தான் கத்தி பிடிப்பவருக்கு உறுதுணை. 31 வருஷம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்தவள் சொல்கிறேன். தங்களுக்குத் தெரியாததா!

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தம்பி பிறக்கும்போது அம்மாவை மலையடிவாரத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு லாரியில் இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு வாந்தி. அம்மா பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கியது. பாதி வழியிலேயே பிள்ளையை எடுத்தது பக்கத்து லயத்து வீட்டுப் பாட்டி. கோயில் கும்பாபிஷேக மலரில் தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்த டிரெஸ்ஸருக்கு முழுப் பக்கப் படம். பாட்டிக்கு ஒரு வரி கிடையாது. சிட்டிலிங்கியில் அப்படிப்பட்ட கிராமத்துப் பெண்களைத்தான் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். மலைவாழ் பெண்பிள்ளைகளே நர்ஸ் ஆனார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களும் இல்லை. கட்டடத்துக்கு மட்டும் இரண்டு பத்தி.

அப்புறம், போன வருஷம் ஓய்வு பெற்ற தாதியர் பற்றி நான் எழுதிய கடிதத்தை மகளிர் பக்கத்தில், ரசப்பொடிச் செய்முறைக்குக் கீழே போட்டீர்கள். சரி, போகட்டும். பெயரையுமா ‘திருமதி’ சேர்த்து வீட்டுக்காரர் பெயராக மாற்றுவது? அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே கடிதம் எழுதுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

கோபத்தில் எழுதவில்லை. அடுத்த வாரம் ‘டாக்டர் லலிதா ரெஜி, மகப்பேறு மருத்துவர்’ என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். என் ராசியானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மிஸ்ஸி,
செந்தூல், கோலாலம்பூர்
(பெயரை மறுபடியும் மாற்றுவதாக இருந்தால், போடவே வேண்டாம்.)