ஆட்டுக்கும் ஓநாய்க்கும் ஒரே சொல்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் மனசு லேசானது. இங்கே நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடப்பதால் சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் அங்கே ஒரு கண்காட்சி. அமெரிக்க வரலாற்றில் சுதந்திரம் என்ற சொல்லின் பொருள் எப்படியெல்லாம் மாறியது என்று காட்டுகிறார்கள். தொடக்கம் 1776-இன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அடுத்து, அடிமை முறைக்காக வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் நடுவே, 1864-இல் ஜனாதிபதி லிங்கன் பால்டிமோர் நகரில் சொன்ன உவமை. ஆட்டின் கழுத்தைக் கவ்விய ஓநாயை மேய்ப்பன் விரட்டுகிறான். ஆடு அவனை விடுவித்தவன் என்கிறது. ஓநாயோ தன் சுதந்திரத்தைக் கெடுத்தவன் என்கிறது. ஒரே சொல்தான், பார்.

மறு ஆண்டு ஜூன் 19 அன்று டெக்சஸில் கால்வெஸ்டன் நகரில் அடிமைகளுக்கு விடுதலை என்ற ஆணையை அறிவித்தார்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்து அப்போதே இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஆணையிலும், இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள் என்று ஒரு வரி!

ஆனால் விடுதலையானவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள், வசந்தி. விற்கப்பட்ட பிள்ளையை, அம்மாவை, கணவனைத் தேடி. பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள்: அம்மா பெயர் இன்னது, எங்களை விற்றவர் இன்னார், கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில். போதகர்கள் அவற்றைத் தேவாலயங்களில் உரக்க வாசித்தார்கள். போர் முடிந்து முப்பது வருடம் கழித்தும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

1941-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அச்சமில்லாமல் வாழ்வதும் ஒரு சுதந்திரம் என்றார். அடுத்த வருடமே அவர் போட்ட உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்தப் பகுதியை இன்னொரு நாள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நீ வரலாறு எடுக்கிறாயே, அதனால் ஒரு விளம்பரத்தைத் தமிழாக்கி இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் என்ன கேட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
மாலதி