கருவறை அல்ல, மிஹ்ராப்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள மாணவர்கள் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போய்வந்த செய்தியைப் பார்த்தேன். அழைத்துப்போன ஆசிரியைக்கு என் வாழ்த்து. ஆனால் படத்துக்குக் கீழே உங்கள் நிருபர் எழுதியிருக்கிறாரே, "மர்மமாக இருந்த மசூதிக் கதவு திறந்தது, கருவறையை மாணவர்கள் வியப்புடன் பார்த்தனர்" என்று!

கதவு எப்போது ஐயா மூடியிருந்தது? பொழுது சாய்ந்ததும் நடக்கும் மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு எங்கள் தெருப் பக்கம் வந்து பாருங்கள். நெற்றியில் குங்குமத்தோடு தாய்மார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஓதி ஊதிவிடச் சொல்லி வாசலில் நிற்பார்கள். சிலர் கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில். அவர்களுக்கு இல்லாத மர்மம் உங்கள் நிருபருக்கு எங்கிருந்து வந்தது?

நான் வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வருஷா வருஷம் எட்டாம் வகுப்பை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப்போவேன், திரும்பும்போது பள்ளிவாசலுக்கும். ஒருமுறை ஹவுளில், அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியில், கால் கழுவ உட்கார்ந்த பையன், மீனையே பார்த்தபடி, "சாமி எங்க சார்?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் பாங்கு சொல்லும் மோதினார் முந்திக்கொண்டார்: "இங்க சிலை கெடையாது கண்ணு. செவுத்துல குழிவா தெரியுதே, அது தொழுவுற திசைக்கு அடையாளம். இமாம் அங்க நிப்பாரு." அந்தக் குழிவுக்குப் பெயர்தான் மிஹ்ராப். அவ்வளவுதான். உங்கள் நிருபருக்கும் கேட்கிற தூரத்தில் ஒரு மோதினார் இருந்திருப்பார்.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூருக்கு ஒரு சொலவடை உண்டே. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூஜை தொடங்கியதும் முதலாவது பொய்த்தது. அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். 1846இல் கட்டிய சர்ச்சும் அதே கோட்டை மதிலுக்குள்தான் இருக்கிறது, ஆராதனை நடக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் பள்ளிவாசலில் மட்டும் தொழுகை கிடையாது. மூடிய கதவைப் பற்றி எழுத ஆசையென்றால் அதைப் பற்றி எழுதலாமே? இதற்கென்று நான் அனுப்பிய மூன்று கடிதங்கள் உங்கள் மேசையில் எங்கே தூங்குகின்றனவோ.

ரம்ஜானுக்குப் பிரியாணிப் படம் மட்டும் தவறுவதில்லை. ஜூலை 10 வந்தால் 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிக் கட்டுரையும் அப்படித்தான். அதில் சிப்பாய்களின் நெற்றிக்குறிக்கு வெள்ளைக்காரர்கள் தடை போட்டது இருக்கும், தாடியை மழிக்கச் சொன்னது இருக்காது. இடம் போதவில்லை போலும்!

சாக்கடையோரம் வந்து விழும் பேப்பரைப் பற்றி இங்கே எழுதவில்லை, அது ஏஜெண்டுக்கும் எனக்கும் உள்ள வழக்கு.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம். 'கருவறை' என்பதை 'மிஹ்ராப்' என்று திருத்திப் போடுங்கள். அந்தப் படம் வந்த பக்கத்திலேயே போட்டால் நல்லது. வரி விளம்பரங்களுக்கு நடுவில் வேண்டாம்.

இப்படிக்கு,
31 வருஷ வாசகன்,
வேலூர்.