'90 சதவீதத் துல்லியம்' யாருக்கு?

ஆசிரியருக்கு,

நோயறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பற்றிய செய்திகளில் 'துல்லியம்' என்ற ஒற்றை எண்தான் தலைப்பில் நிற்கிறது. அதை நம்பி ஒரு மருத்துவமனை எதையும் வாங்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரிசோதனைக்கு வரும் 1,000 பேரில் 10 பேருக்கு நோய். மென்பொருள் நோயாளிகளில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 நோயாளிகள் சிக்குவார்கள். நோயே இல்லாத 990 பேரில் 99 பேரும் சேர்ந்து சிக்குவார்கள். 'சந்தேகம்' என்று வந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். மற்றவர்களுக்கு அடுத்த ஸ்கேன், அடுத்த ஊசி, வீண் பயம். வந்த எல்லோருக்கும் 'நோயில்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மென்பொருளுக்கு இதே கூட்டத்தில் 99 சதவீதத் துல்லியம் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்!

பயிற்சிக்குக் கொடுத்த படங்களும் ஏமாற்றும். நிமோனியா குறித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸ்-ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே மென்பொருளால் அடையாளம் காண முடிந்தது. நுரையீரலைப் பார்க்காமல், 'இந்த மருத்துவமனையில் நிமோனியா அதிகம்' என்று இதை வைத்தே ஊகித்தால், வேறு மருத்துவமனையில் அது தடுமாறும். தாய்லாந்தில் கண் விழித்திரைப் பரிசோதனையில் சிக்கல் வேறு மாதிரி: 2020இல் வெளியான கள ஆய்வில், 1,838 படங்களில் சுமார் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லாதது ஒரு காரணம்.

ஆகவே, வாங்கும் முன் சொந்த நோயாளிகளின் படங்களை வைத்து மறைவில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். முடிவை மருத்துவருக்குக் காட்டாமல் சேமித்து, பின்னர் உறுதியான நோயறிதலோடு ஒப்பிட வேண்டும். நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோயென்றால், 50 நோயாளிகள் கணக்கில் சேரவே ஏறக்குறைய 5,000 படங்கள் தேவை. இருநூறு படங்களில் காட்டப்படும் டெமோவுக்கு மதிப்பில்லை. படுக்கையருகே எடுத்த எக்ஸ்-ரேக்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தவறு ஒளிந்திருக்கும்.

மென்பொருள் ஒரு படத்துக்குத் தரும் மதிப்பெண் எவ்வளவைத் தாண்டினால் 'சந்தேகம்' என்று சொல்லும், அந்தக் கட்-ஆஃப் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதைக் குறைத்தால் நோயாளிகள் தப்புவது குறையும், பொய் எச்சரிக்கை பெருகும். ஓயாமல் எச்சரிக்கை ஒலித்தால் செவிலியர்கள் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள். இது விற்பவர் எடுக்கும் முடிவல்ல, அந்தத் துறை மருத்துவர்கள் எடுக்க வேண்டியது. மென்பொருளின் பதிப்போ எக்ஸ்-ரே இயந்திரமோ மாறினால் சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். முன்கூட்டித் தெரிவிக்காமல் பதிப்பை மாற்றக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்கட்டும்.