சேகருக்கு, ஊராட்சிக் கணக்கு பற்றி

12-9-2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. வலி குறைந்துவிட்டதே என்று பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். மேட்டூர் இந்த வருடம் ஜூன் 12-ஆம் தேதியே திறந்ததால் குறுவைக்குத் தண்ணீர் தட்டவில்லை. மேலத்தெருப் பக்கம் அறுப்பு ஆரம்பித்துவிட்டது. சின்ன மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அடுத்த மாதக் கடைசி என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா வீட்டுக்கு நான்கு வருட வரி பாக்கி என்று கணினியில் காட்டுகிறது, தம்பி வருடா வருடம் போய்க் கட்டினானே என்று எழுதியிருந்தாய். உனக்கு மட்டும் இப்படி இல்லை. நம் தெருவில் விசாரித்தால் வீட்டுக்கு வீடு இதே கதை. 2023-இல் வீட்டு வரியை இணையத்தில் கட்டும் முறை வந்தபோது, யார் எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு கட்டினார் என்று கையால் எழுதிய பழைய கேட்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பாக்கியைக் கணினியில் ஏற்றினார்கள். பதிவேட்டில் வரவு வைக்காத தொகை எல்லாம் பாக்கியாக ஏறிவிட்டது. ரசீதை எடுத்துப்போய்க் காட்டியவர்களுக்குத் திருத்திக் கொடுத்தார்கள். ரசீதைத் தொலைத்தவர்களில் பாதிப் பேர் சண்டை வேண்டாம் என்று இரண்டாம் முறை கட்டிவிட்டார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நம்மிடம் ரசீது இல்லாவிட்டாலும், ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டை ஊராட்சியிடம் இருக்க வேண்டுமே! கட்டியதற்கு ஆதாரம் கொண்டுவா என்று கைநாட்டு வைக்கிற கிழவியிடம் கேட்பதற்கு முன்னால், அவர்கள் தங்கள் அடிக்கட்டையை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். நகல் கேட்டதோடு நிற்காமல், பதிவேடுகளை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதினேன். 2005-ஆம் வருடச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தெளிவாகக் கொடுக்கிறது. நகல் மட்டும் கேட்டால், பக்கத்துக்கு இவ்வளவு கட்டு என்று ஒரு கடிதம் வரும், அதற்குள் மாதம் ஓடிவிடும். நேரில் போய் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் வேண்டும், எது வேண்டாம் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்த்தேன் சேகர். 2018-19 ரசீதுப் புத்தகங்களில் பல இருக்கின்றன. உன் வீட்டு ரசீதின் அடிக்கட்டையும் இருக்கிறது, கார்பன் மங்கியிருந்தாலும் உன் அப்பா பெயர் படிக்க முடிகிறது. ஆனால் அந்தத் தேதிக்கு ரொக்கப் புத்தகத்தில் அந்தத் தொகை வரவில் இல்லை. அந்த வாரம் முழுக்க வசூலே இல்லை என்பதுபோல் எழுதியிருக்கிறது. பணம் யார் கையில் நின்றது என்று நான் ஊகித்து எழுத மாட்டேன், அதைத் தணிக்கை சொல்லட்டும். அடிக்கட்டைக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைத் தேதி வாரியாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் தணிக்கைத் துறைக்கும் அனுப்பியிருக்கிறேன். உன் வீட்டு அடிக்கட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். தம்பியிடம் கொடுத்து பாக்கியை நீக்கச் சொல். ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கட்டாதே.

இன்னொன்று வேலை நியமனம். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராகப் பல வருடம் இருந்த கிழக்குத் தெருக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் போய் வால்வைத் திறந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொருவரை வைத்தார்கள். புதிய ஆளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பையனும் வேலை இல்லாமல் இருந்தவன்தான். ஆனால் ஊராட்சியில் நியமனக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அது கூடியதா, யார் யார் மனு போட்டார்கள், பழையவரை ஏன் நிறுத்தினார்கள் என்று எவருக்கும் தெரியாது. தீர்மானத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். எல்லா உறுப்பினர் கையெழுத்தும் வரிசையாக இருக்கிறது. கூட்டம் நடந்த தேதி என்று போட்டிருப்பது நம் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக நாள். அன்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஊரே கோயிலில்தான் இருந்தது, உறுப்பினர்கள் எல்லோரும் பந்தலில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது உறுப்பினராக இருந்த பெண் ஒருவரிடம் போய்க் கேட்டேன். வெறும் தாளில்தான் கையெழுத்து வாங்குவார்கள் அண்ணே, வீட்டுக்காரர்தான் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார் என்றார். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் கொண்டுவந்து ஒரு தேர்தலும் முடிந்துவிட்டது. தீர்மானப் புத்தகம் அப்போதும் புருஷன் கக்கத்தில்தான் இருந்தது. அவரை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த முறை எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். போட மாட்டேன் என்றார்.

இதையெல்லாம் தேர்தல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஊரில் நிறையப் பேர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் இந்த வருடம் ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. இப்போது தனி அலுவலர் ஆட்சி. 2016-இலிருந்து 2019 வரையும் இப்படித்தான் ஓட்டினார்கள். கணக்குப் போட்டுப் பார், கடந்த ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய நான்கு வருடம் நமக்குத் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல் ஊராட்சி. அத்தனையையும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்தான் தனி அலுவலராக இருந்து பார்க்க வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் இருப்பவர் நல்ல மனிதர், போனால் உட்காரச் சொல்லிப் பேசுகிறார். ஆனால் முப்பது ஊர்த் தெருவிளக்கு பில்லிலும் கையெழுத்துப் போடும் ஒருவர், எந்த ஊரில் எந்த மோட்டாருக்கு எத்தனை தடவை கம்பிச்சுருள் (காயில்) கட்டினார்கள் என்று எப்படிப் பார்ப்பார்? நாம்தான் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நம் ஊராட்சியின் செலவு விவரம் கிடைக்கிறது. ஒன்றிய அரசிடமிருந்து வரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டும். தெற்குத் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்கள் அந்தக் கணக்கைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

கேட்கவும் செய்தார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நீ இருந்திருக்க வேண்டும். நம் ஊர் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். வழக்கமாக நூறு நாள் வேலைக்காரர்களை வரச்சொல்லி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை அவர்கள் போகவில்லை. வரவு செலவு அறிக்கையை விறுவிறுவென்று வாசித்துக்கொண்டு போனபோது, ஓர் அம்மா எழுந்து, ‘மெதுவாப் படிங்க தம்பி, எங்க பணம்தானே’ என்றார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார்கள். வரி பாக்கிப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும், அடிக்கட்டை இருக்கும் வீடுகளுக்குப் பாக்கியை நீக்க வேண்டும், ஆபரேட்டர் நியமனத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று மூன்று தீர்மானம். மூன்றையும் அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டோம். பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டேன். பட்டியல் ஒட்டியாகிவிட்டது. மற்ற இரண்டும் நிற்கின்றன.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், இது என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. போன தடவை தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கீடு. அதற்கு முன் வருடக்கணக்கில் கணக்கைப் பற்றி வாய் திறக்காத பெரிய வீட்டுக்காரர்கள், காலனியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்ததும் திடீரென்று நேர்மை பேச ஆரம்பித்தார்கள். என் மனுக்களையும் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திருப்பப் பார்த்தார்கள். தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கியதற்காகவே பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-இலிருந்து 2006 வரை தேர்தலே நடக்கவிடாமல் செய்த நாடு இது. மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்ற நாடு. அதை மறந்துவிட்டுக் கணக்கு கேட்கக் கூடாது. அதனால்தான் என் மனுவில் 2011-இலிருந்து எல்லாக் காலத்துக்கும் கேட்டேன், தனி அலுவலர் இருந்த வருடங்களுக்கும் சேர்த்து. உன் வீட்டு ரசீது விவகாரம் அந்தப் பெண் பதவிக்கு வருவதற்கு முன்பு நடந்தது. அதைச் சபையிலேயே எழுந்து சொன்னேன். சிலருக்கு முகம் சுருங்கியது. ஆபரேட்டர் தீர்மானத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால்தான் ஊர் நம்பும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தது, குடவோலை முறை என்று எல்லோரும் சொல்வார்கள். வாரியம் என்ற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்று அதிலேயே எழுதியிருப்பதைச் சொல்வதில்லை. அந்தச் சபை நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமானது, அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு விதி இன்றைக்கு இருந்தால் எத்தனை ஊர் உருப்படும்!

எனக்கு நம்பிக்கை வருவது ராஜஸ்தான் பக்கத்திலிருந்து. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் சமூக சேவகி அருணா ராயும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பும் முதல் மக்கள் விசாரணை நடத்தினார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அரசாங்க வேலைக் கணக்கை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலை பார்க்காதவர் பெயரில் கூலி போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்ன? 1996-இல் தகவல் உரிமை கேட்டு பியாவரில் நாற்பது நாள் தர்ணா. அங்கிருந்து வளர்ந்ததுதான் 2005 சட்டம். தமிழ்நாடு அதற்கும் முன்பே, 1997-இல், நாட்டிலேயே முதல் மாநிலமாகத் தகவல் சட்டம் கொண்டுவந்தது. விதிவிலக்குகள் ஏகப்பட்டது என்பது வேறு விஷயம்.

இப்போது என் கவலை எல்லாம் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தில் தனிநபர் விவரங்களுக்கு விலக்குக் கொடுக்கும் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியிருக்கிறது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தால், யாரை நியமித்தீர்கள் என்று கேட்டாலே தனிநபர் விவரம் என்று கையை விரிக்க வழி கிடைக்கும். பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வைத்துத் தகவல் ஆணையம் வரைக்கும் போய் வாதாட நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏது நேரம்? அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

அதற்கு உன் உதவி வேண்டும். நீ பெங்களூர் வாக்காளர், கிராம சபையில் உனக்கு இடமில்லை. தகவல் கேட்க இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், தமிழ்நாட்டு மனுவை இணையத்திலேயே போடலாம். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வாங்குகிறார்கள் அல்லவா, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம். நம் ஊர் நூலகத்துக்குக் கூரை ஒழுகுகிறது, புதுப் புத்தகம் வந்து பல வருடம் ஆகிறது. 2011-இலிருந்து வருடா வருடம் எவ்வளவு வசூலித்தார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குச் செலுத்தினார்கள், செலுத்துச் சீட்டின் நகல், பாக்கி எவ்வளவு, இந்த நான்கு கேள்வி போதும். என் பெயரிலேயே எல்லா மனுவும் போனால், ஒரு ஆளின் வம்பு என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த மாதத்துக்குள் நீ போட்டால் நவம்பர் 1 கிராம சபைக்குள் பதில் கைக்கு வந்துவிடும். பதிவு எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
மணி