ஒடுகத்தூரிலிருந்து, நீ கேட்ட களை விஷயம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும், ஆனால் புரட்டாசி மழை விட்டுவிட்டுப் பெய்வதால் ஈரம் காய்வதற்குள் களை எடுத்துவிடலாம் என்று காலையில் நிலத்தில் இறங்கினால் இருட்டும்வரை அங்கேதான். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. உன் மகள் வேலூரிலேயே காலேஜில் சேர்ந்தது ரொம்ப சந்தோஷம்டா, ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வரச் சொல்லு, வீடு அவளுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆரணிப் பக்கம் உன் மூன்று ஏக்கரில் நானூறு மரக்கன்று நட்டாச்சு, புல் இடுப்புவரை வந்துவிட்டது, ஒரே ஓட்டாக டிராக்டர் விட்டுச் சுத்தம் பண்ணிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. நான் அதைச் செய்து அடிபட்டவன்.

முதல் வருஷம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற நம் சரிவு நிலத்தில் ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்துப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டிய மழையில் செம்மண் எல்லாம் ஓடைக்குப் போய்விட்டது, காலையில் போய்ப் பார்த்தால் நட்ட கன்றுகளின் வேர் வெளியே தெரிகிறது. இருபது நாளில் அந்த வெற்று மண் முழுக்கப் பார்த்தீனியம். வெளிச்சமும் காலி இடமும் கிடைத்தால் போதும் அதற்கு, ஒரு செடியே பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். அக்னி நட்சத்திரம் முடிந்து எண்ணியபோது நட்டதில் பாதிகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் களைக்கொத்தால் புல்லை வேரோடு எடுக்கிறேன். மேலே அறுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதே, நிழல் குறையுமே தவிர, புல்லின் வேர் உயிரோடு இருக்கும்வரை மண்ணில் இருக்கிற தண்ணீரை அது குடித்துக்கொண்டுதான் இருக்கும், நம் ஊர் வெயிலில் கன்று சாவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர் சண்டையில்தான். ஆனால் ஆழமாகக் கொத்தாதே, கன்றின் இளவேரும் மேல்மண்ணில்தான் இருக்கும். எடுத்த புல் விதை பிடிக்காததாக இருந்தால் அதையே வட்டத்துக்குள் மூடாக்காகப் போடு, தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடு, இல்லாவிட்டால் கரையான் ஏறிவிடும். வட்டத்துக்கு வெளியே இருக்கிற புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடலாம், அது மண்ணைப் பிடித்துவைத்திருக்கட்டும். முதல் வருஷம் மழைக்காலத்திலேயே இரண்டு மூன்று தடவை எடுக்கணும், அப்புறம் தை மாதம் புல் காய்வதற்கு முன்னால் ஒருமுறை, அது தீப் பிடிக்காமல் இருக்க. வேலி ஓரம் ஆள் நடக்கிற அகலத்துக்குச் சுத்தமாகச் செதுக்கி வை. மாசி பங்குனியில் ஒரு பீடித் துண்டு போதும்.

ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடு. இதைச் சொல்ல வயிறு எரிகிறது. புல்வெட்டி மிஷின் வைத்திருந்த ஓர் ஆளை நம்பி விட்டுவிட்டு நான் டவுனுக்குப் போனேன், திரும்பி வந்தபோது புல்லோடு சேர்த்து முப்பது வேங்கைக் கன்று கழுத்தறுந்து கிடந்தது. கொடி சுற்றியிருந்தால் பிடித்து இழுக்காதே, குருத்து ஒடிந்துவிடும், அடியில் அறுத்துவிட்டுப் பேசாமல் இரு, நாலு நாளில் தானாகக் காய்ந்து உதிரும்.

உண்ணிச்செடிக்கு, அதாவது லாண்டானா புதருக்கு, வேறு வழி. தண்டை வெட்டினால் வெட்டிய இடத்தில் பத்துத் துளிர் வரும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் காட்டிய முறையில், தரைக்குக் கீழே மூன்று நாலு அங்குலத்தில் மூல வேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறோம், கிளை மண்ணைத் தொட்டால் அங்கேயும் வேர்விடும் என்பதால். பறவை உட்காருகிற மரத்தடியில் மட்டும் அடுத்தடுத்த மழைக்கும் போய்ப் பார்க்கணும், பழத்தைத் தின்றுவிட்டு விதையை அங்கேதான் போடுகின்றன. ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுக்காதே, நடுகிற அளவுக்கு எடு. எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் அடுத்த களை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சீமைக்கருவேலம் குட்டியாக இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கும் நாளில் கையால் பிடுங்கிவிடு. அடுத்த வருஷம் அதற்குக் கடப்பாரை வேண்டியிருக்கும். காயைத் தின்ற மாடு சாணியில் விதையைக் கொண்டுவந்து போடும், அதனால் மாடு கட்டுகிற இடத்தைக் கவனி. 1870களில் விறகுக்கென்று கொண்டுவந்த மரம், இன்றைக்கு பாலாற்று மணலிலும் ஏரிக்கரையிலும் அதுதான் நிற்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு இந்த மாதிரி அந்நியச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்கத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பார்த்தீனியத்தைப் பூ வருவதற்கு முன் பிடுங்கு. கையுறை போட்டுக்கொள், மூக்கில் துணி கட்டிக்கொள், உனக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது. களைக்கொல்லி அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். காற்றில் இரண்டு சொட்டு கன்றின் இலையில் பட்டாலே போச்சு, நான் அடிப்பதில்லை.

முள்ளாக இருப்பதெல்லாம் களை இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்களிடம் களையெடுக்க வருகிற ஓர் ஆயா. போன வருஷம் ஒரு காரைப் புதரை வெட்டக் கொடுவாளை ஓங்கியவன் கையைப் பிடித்து, "இருப்பா, உள்ள பாரு" என்றார். முள்ளை விலக்கிப் பார்த்தால் நாலு இலையோடு ஒரு நாவல் கன்று, யாரும் நடாதது. வெளியே நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாவலை எல்லாம் ஆடு கடித்திருந்தது. அதற்கப்புறம் காரை, களா, ஆவாரை எதிலும் கை வைப்பதில்லை. உன் நிலத்திலும் களை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே நட, அடியில் என்னென்ன தானாக முளைத்திருக்கிறது என்று எனக்கு எழுது.

ஆயாவின் நாவல் இப்போது என் மார்பு உயரம், காரைக்கு மேலே தலை நீட்டியிருக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு வா. மழை இடைவெளி விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மேற்குப் பக்கத்து உண்ணியை எடுத்துவிடலாம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்