குப்பைமேட்டுப் புகையும் ஒரு வெள்ளைச் சீருடையும்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தேயிலை மலைக்குக் கீழே ஆற்றோரமாக இருக்கும் குப்பைமேட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன திங்கட்கிழமை இரவும் அதில் நெருப்பு வைத்தார்கள். விடிந்த பிறகும் பொலித்தீன் கருகிய நாற்றம் லயத்தை, எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுப் போகவில்லை. குளிர்காற்று பள்ளத்திலேயே படுத்துக்கொள்வதால், வெயில் ஏறும்வரை புகைக்கும் போக வழியில்லை. அங்கே எரிப்பதை நிறுத்துங்கள். நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்.

இருமல், சளி பற்றிப் பலர் முறையிட்டுவிட்டார்கள். நான் என் மகளைப் பற்றி எழுதுகிறேன். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவள். காலையில் கொடியிலிருந்து வெள்ளைச் சீருடையை எடுத்ததும் அதை மூக்கில் வைத்துப் பார்க்கிறாள். கழுத்துப் பக்கம் ஒரு தரம், கைப்பக்கம் ஒரு தரம். வகுப்பில் யாரோ "குப்பை வாசம்" என்று சிரித்தார்களாம். அன்றிலிருந்து கடைசி வாங்கில்தான் உட்காருகிறாள். புகை வரும் இரவுகளில் இருக்கிற ஒரே ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஐந்து பேர். தூக்கம் எங்கே வரும்? "படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குதுப்பா" என்கிறாள். தம்பி பென்சிலைத் தொட்டாலே எரிந்து விழுகிறாள், அப்புறம் அதற்காக வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுகிறாள்.

எல்லாமே உங்கள் புகையால்தான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் விறகடுப்பும்தான் புகைகிறது. ஆனால் சோறு வெந்ததும் நாங்கள் அடுப்பை அணைத்துவிடுகிறோம். புகையிலுள்ள 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசு நுரையீரலைத் தாண்டி இரத்தத்தில் கலக்கக்கூடியது. இளம்பிள்ளைகளின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதனோடு தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணிநேரச் சராசரி ஒரு கன மீட்டரில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 2008 முதல் 50. அந்த 50 ஆவது எங்கள் லயத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஒருவரும் வந்ததில்லை.

முன்பெல்லாம் தோட்டத்துக்குள் ரோடு போட்டுத் தரச் சொன்னால், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் இடம் தரவில்லை என்பீர்கள். தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, இனி ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். வந்தது, டிராக்டர் டிராக்டராக டவுன் குப்பை! ரோடு இன்னும் வரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குங்கள், மீதியை வேறிடம் கொண்டுபோங்கள். அதற்கு நாளாகும் என்றால் ஆகட்டும். நெருப்பு வைப்பதை மட்டும் இன்றே நிறுத்தும்படி தயவாகக் கேட்கிறேன். போன கடிதத்துக்கு "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. இம்முறை பதில் வேண்டாம், எரிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு லயத்துத் தகப்பன் ஒருவன்