மாவுப்பூச்சியின் படம் மட்டும் போதாது, குளவியின் படத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரவள்ளி மாவுப்பூச்சி பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. பூச்சியின் படம் வருகிறது, எந்த மருந்தை எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்பதும் வருகிறது. அந்தப் பூச்சியைத் தின்று தீர்க்கிற குளவியின் படத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. அதைப் போடச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். அனகைரஸ் லோபெசி என்கிற இது வளர்ந்து முடிந்தாலும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிரி தேடிப்போனவர்களுக்கு 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதற்கு முன்பு தென் அமெரிக்காவின் வடபகுதியில் பார்க்க அதே மாதிரி இருந்த ஒரு மாவுப்பூச்சியின் ஒட்டுண்ணிகளை, அதாவது அதன் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் சிறு பூச்சிகளைப் பிடித்தார்கள், ஆனால் அது வேறு இனம் என்பதால் அந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவே இல்லை. இனம் தெரியாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட நகர முடியாது. ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு நம் பக்கமும் பரவியது. அப்புறம் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்து வயல்களில் விடத் தொடங்கினார்கள்.

இவ்வளவு தூரம் வந்த குளவி நம் வயலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முடிச்சாகச் சுருண்ட நுனிக்கொழுந்தை விரித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். உயிருள்ள பூச்சி இளஞ்சிவப்பாக, மேலே மாவு பூசி, தொட்டால் நசுங்கும். குளவி முட்டையிட்ட பூச்சியோ உள்ளிருக்கும் புழு தின்னத் தின்ன உப்பி, கடைசியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த நெல்மணி போல இறுகிவிடும், அதில் குண்டூசி குத்தின மாதிரி வட்டத் துளை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். துளை இல்லாததை மட்டும் பொறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்தால் சில நாளில் குளவி வெளியே வரும். பெண் குளவியின் உடம்பு கறுப்பு, உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. மரவள்ளியில் பப்பாளி மாவுப்பூச்சியும் வரும், அதன் உடம்பு மஞ்சள். அதற்கென்று 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவித்த குளவி வேறு, ஒரு மில்லிமீட்டர்கூட இராது, வெளிர் ஆரஞ்சு நிறம். மரவள்ளி மாவுப்பூச்சியை அந்தக் குளவி தொடாது, பப்பாளி மாவுப்பூச்சியை அனகைரஸ் தொடாது. போதாததற்கு, இந்தக் குளவிகளின் புழுவுக்குள்ளேயே முட்டையிடுகிற வேறு குளவிகளும் இருக்கின்றன, அவையும் அதே காய்ந்த கூட்டிலிருந்துதான் வெளிவரும், அதனால் குப்பியில் கண்டதையெல்லாம் நல்லது என்று நம்பிவிடக்கூடாது. சந்தேகம் வந்தால் குளவியை ஆல்கஹாலில் போட்டு வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்புவதுதான் சரி.

பழுப்புக் கூடுகள் நிறையக் கிடக்கிற வயலில் மருந்தடிப்பது எனக்குத் தாங்கவில்லை. மாவுப்பூச்சி மாவுக்குள் ஒளிந்து தப்பிக்கும், திறந்த வெளியில் பறக்கிற குளவிதான் முதலில் சாகும். மறுபடி பூச்சி பெருகும், மறுபடி டேங்கை நிரப்புவோம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உயிருள்ள மாவுப்பூச்சி, பழுப்புக் கூடு, துளை விழுந்த கூடு, இரண்டு குளவிகள் என்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில், வண்ணத்தில், அளவுகோல் வைத்துப் பெரிதாகப் போடுங்கள். களத்துக்கு வரும் அலுவலர்கள் கையில் ஒரு லென்ஸ் இருக்க வேண்டும் என்று வேளாண் துறையையும் கேட்டு எழுதுங்கள். மாசி பிறப்பதற்குள் வந்தால் நல்லது, வெயில் ஏற ஏறத்தான் பூச்சியும் ஏறுகிறது.

மரவள்ளி விவசாயி,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்